பந்து இல்லாத பக்கம்

என் தம்பியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊமைக்கோட்டான் என்பார்கள். நாளடைவில் ஊமை தேய்ந்துபோய்க் கோட்டான் மட்டும் மிஞ்சியது. அதற்கும் அவன் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளவும் வாயைத் திறக்க வேண்டுமே! இப்படிப்பட்டவன் வானொலியில் கால்பந்து வர்ணனை செய்யக் கிளம்பினான் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், எங்கள் தெருவே சிரித்தது.

அவனுக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் வேலை. உயரமான இரும்பு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, நீந்துகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்தில் ஒரு விசில். தலைக்கு மேலே தகரக் கூரை. வெயில் ஏறியதும் தண்ணீரின் வெளிச்சம் அந்தக் கூரையில் போய் நெளியும். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் போதும், எந்தப் பக்கம் தண்ணீர், எந்தப் பக்கம் கூரை என்று எனக்குக் குழம்பிவிடும். அவனுக்கு மட்டும் குழம்பாது. ஒருநாள் அதிசயமாக வாயைத் திறந்து என்னிடம் சொன்னான்.

"முழுகுறவன் கத்த மாட்டான்க்கா. கையைக் காலை உதைக்கிறவன் எப்படியும் பிழைச்சுக்குவான். சத்தமே இல்லாம ஒருத்தன் அசையாம இருப்பான் பாரு, அவனைத்தான் பார்க்கணும்."

அந்த வருஷம் முழுக்க அவன் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

நான் தையல்காரி. கீழே என் கடை, மாடியில் அவனும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். என் தம்பி என்பதற்காக நான் அவனுக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. அவள் தங்கமான பெண். கலகலவென்று இருந்தவள் மாடியேறி வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். கடைசியில் ஒரு காலை நேரத்தில் பையும் கையுமாக என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் கேட்டா பதில் வரும். கேட்கலைன்னா வராது. எத்தனை நாளைக்கு நானே கேட்டுக்கிட்டே இருக்கிறது? சுவத்துல இருக்கிற பல்லியாவது நடுவுல சத்தம் போடும்."

"சண்டை ஏதாவது போட்டானா?"

"சண்டை போடவும் ரெண்டு பேர் வேணுமேக்கா."

வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். இவன் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு 'போகாதே' சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த அளவு நாடாவை அவன் மேல் வீசினேன். அதை எடுத்துச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு 'உம்' கொட்டுவதும் நின்றுபோயிற்று. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். தட்டில் கரண்டி படுகிற சத்தம் மட்டும் கேட்கும். இந்த வாய் இப்படியே சாத்திக்கொண்டுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவனைத் திட்டித் தீர்க்கிற நேரத்தில்கூட அந்தப் பயம் அடியில் இருக்கும்.

ஒருநாள் மதியம் அவனுடைய புதுச் சீருடையைக் கொடுக்கக் குளத்துக்குப் போனேன். கூட்டமில்லை. தண்ணீரில் நாலைந்து பேர் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றால், மேலேயிருந்து முணுமுணுவென்று ஒரு குரல்.

"மூணாவது தடத்துல சிவப்புத் தொப்பி. வலது தோள் களைச்சுப்போச்சு, ஆனா நிறுத்த மாட்டா, பிடிவாதம். சுவரைத் தொட்டுட்டா. திரும்புறா. ஓரத்துல அந்தப் பெரியவர், தண்ணியைக் கலைக்காம போறார், தூக்கத்துல நடக்கிற மாதிரி..."

என் தம்பியின் குரல்! சின்னப் பையனாக இருந்தபோது பாட்டுப் பாடிக் கேட்டதோடு சரி, இப்படித் தங்குதடையில்லாமல் ஓடி நான் கேட்டதேயில்லை. சீருடைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கூரையில் வெளிச்சம் நெளிந்தது. நேரம் போனது தெரியவில்லை. அவனிடம் அவனைப் பற்றிக் கேட்டால் ஒரு சொல் வராது, எதிரே ஏதாவது அசைந்தால் வாய் தானாகத் திறக்கிறது. இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சும்மா இருப்பேனா? செருப்புக் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன வானொலி நிலையம் இருந்தது. ஒலிப்பதிவு அறைக்குக் கனமான திரைகள் தைத்துக் கொடுத்தவள் நான்தான். அதை நடத்தியவரை எல்லோரும் நிலையத்தம்மா என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கால்பந்துப் பந்தயங்களை நேரடியாக ஒலிபரப்புவார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் ஓர் அணி, நூற்பாலைப் பெண்கள் ஓர் அணி, வங்கிக்காரர்கள், அஞ்சலகத்தார் என்று பல அணிகள். வழக்கமாக வர்ணிப்பவர் பெரிய நிலையத்துக்குப் போய்விட, அந்த இடம் காலியாக இருந்தது. அதன்மேல் கண் வைத்திருந்தவர், சவுண்டு என்று ஊரே கூப்பிடுகிற ஒருவர். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தள்ளுபடி விற்பனைக்குக் கத்துகிற ஆள். அவர் 'வாங்க' என்றால் பக்கத்துத் தெருக்காரர்கள் வருவார்கள்.

நிலையத்தம்மாவிடம் போய் என் தம்பிக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றேன்.

"யாரு, நம்ம கோட்டானா? ஏங்க, விளையாடாதீங்க."

"ஒரு மேட்ச் கொடுத்துப் பாருங்க. சரியா வரலைன்னா அடுத்த திரைக்குத் தையல் கூலி வேண்டாம்."

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னபோது மறுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். நெடுநேரம் சாக்கடை ஓரத்துப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்கு ஆசையா இருக்குக்கா" என்றான். ஆசை என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

முதல் பந்தயத்தைப் பற்றி என்ன சொல்ல! கடையில் வானொலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் அருமையாகத்தான் வந்தது.

"நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்தாம் நம்பர் இடுப்புல கை வெச்சு நிக்கிறாங்க. இடது கால்ல ஏதோ வலி, பாரத்தை வலது கால்ல போட்டிருக்காங்க. அவங்களுக்குப் பின்னால புல் மேல மேகத்தோட நிழல் மெதுவா போகுது..."

பந்து எங்கே? யாரிடம்? அது மட்டும் தெரியவில்லை. திடீரென்று கூட்டம் 'ஓ' என்று கத்தியது. இவன் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "கோல் விழுந்திருக்கு போல" என்றான்.

போல! மானம் கப்பலேறியது. மறுநாளிலிருந்து தெருவில் அது ஒரு கேலியாகிவிட்டது. எதிர் வீட்டில் பால் பொங்கினால், "பால் பொங்கியிருக்கு போல" என்பார்கள். மழை கொட்டுகிறபோது நனைந்துகொண்டே ஒருவன், "மழை பெய்யுது போல அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினான். கத்தரிக்கோலோடு வாசல்வரை துரத்தினேன்.

நிலையத்தம்மா நல்ல மனுஷி. உடனே துரத்திவிடவில்லை.

"குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரேடியோ கேட்டவங்க யாருக்குமே பந்து எங்கன்னு தெரியல. நடுவுல வர்ற மேட்சுகளை நானே சமாளிச்சுக்கிறேன், இறுதிப் பந்தயத்தை உங்க தம்பிக்கே தர்றேன். அதுலயும் இப்படின்னா சவுண்டுதான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இந்த இடம் கைவிட்டுப் போனால் அவன் மறுபடி பழைய கல்லாகிவிடுவான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. 'எனக்கு ஆசையா இருக்குக்கா' என்றவன் இன்னொரு முறை அதைச் சொல்ல மாட்டான். ஆகவே மறுநாள் சாயங்காலமே பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன்.

கால்பந்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்ததெல்லாம் துணியும் அதில் கோடு போடுகிற சாக்குக்கட்டியும்தான். வெட்டும் மேசையில் பழுப்புக் காகிதத்தை விரித்து மைதானத்தை வரைந்தேன். நடுக்கோடு, இரண்டு கோடியிலும் கோல், அதன் முன்னால் கட்டம். தொலைக்காட்சியில் ஏதாவது ஒரு பந்தயத்தைப் போட்டுச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவோம். அவன் அதைப் பார்த்து வர்ணிக்க வேண்டும். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவன் சொல்கிற இடத்துக்கெல்லாம் சாக்குக்கட்டியை நகர்த்துவேன். கட்டி எங்கேயாவது தவித்து நின்றால் கத்தரிக்கோலால் மேசையில் ஒரு தட்டு. "பந்து எங்கடா?" என்பேன். திரும்பிப் பார்த்தால் பந்து ஒரு மூலையில் இருக்கும், என் கட்டி இன்னொரு மூலையில் இருக்கும்.

முதல் வாரம் தட்டித் தட்டி மேசையின் விளிம்பே போய்விட்டது.

"முதல்ல இடத்தைச் சொல்லு. அப்புறம் ஆளைச் சொல்லு. அப்புறம் என்ன பண்றாங்கன்னு சொல்லு. இடம் தெரியாம நான் யாரைத் தேடுறது?"

"அந்தப் பக்கம் ஒரு பொண்ணு தனியா நிக்குதுக்கா."

"நிக்கட்டும். பந்து இல்லாத பக்கம் என்ன ஆனா உனக்கென்ன?"

"அங்கதான்க்கா ஏதாவது ஆகும்."

"ஆனா ஆகட்டும். ஊர்ல இருக்கிறவங்க எல்லாரையும் நீயா காப்பாத்தணும்? பந்தை விடாதே."

ஸ்கோரை அவன் மறந்தே போவான். நடுவில் வானொலியைத் திறக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் துணி தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியை டொக்கென்று நிறுத்தி வைப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் ஸ்கோர் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. சாப்பிடும்போது டம்ளரை வைத்தாலும் "ரெண்டுக்கு ஒண்ணு" என்பான். எனக்குச் சிரிப்பு வரும். பிறகு அவனாகவே சிலவற்றைக் கண்டுபிடித்தான். மாலை வேளைகளில் அணிகள் பயிற்சி செய்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்து, எல்லோருடைய நடையையும் பார்த்து வைத்துக்கொண்டான். சட்டை எண் தெரியாவிட்டாலும் தோள் ஆடுவதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவான். பந்து கோலை நெருங்கும்போதே கத்திவிட்டால், விழும்போது கத்துவதற்குக் குரலில் ஒன்றும் மிச்சமிருக்காது என்றும் அவனுக்குப் பட்டது. அதனால் குரலைக் கீழேயிருந்து ஏற்றி, பந்து வலைக்குள் விழுகிற நேரத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கப் பழகினான்.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கிறக்கமாக இருக்கிறது. சன்னல் வழியாக மஞ்சள் வெயில் மேசைமேல் சாய்ந்திருக்கும். துணியின் தூசு அதில் மிதக்கும். பின்னாலிருந்து அவன் குரல் வரும், "இடது ஓரம், குட்டைப் பொண்ணு, நடுவுக்குத் தட்டுறா..." என் கை தானாக நகரும். போகப்போகப் பழுப்புக் காகிதம் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது. காகிதத்தின் ஓரத்தில் புல் வாசனை வந்ததாகக்கூட ஒருநாள் நினைத்தேன். கட்டி நிற்கவேயில்லை, கத்தரிக்கோலுக்கு வேலையும் இல்லை. திரும்பிப் பார்த்தால் என் கட்டி இருக்கிற இடத்தில்தான் பந்தும் இருந்தது. வாழ்க்கையில் ஒரு பந்தயத்தையும் முழுசாகப் பார்க்காதவள் நான், அந்த மேசையில் எத்தனையோ பந்தயங்களைப் பார்த்துவிட்டேன்.

இறுதிப் பந்தயம் ஆஸ்பத்திரி அணிக்கும் நூற்பாலை அணிக்கும். நானும் மைதானத்துக்கு வருவதாகப் புதுச் சேலை எடுத்து வைத்திருந்தேன்.

"நீ வராதேக்கா" என்றான்.

"ஏன்டா? நான் வந்தா என்ன, பந்து உருளாதா?"

"நீ இங்க சாக்குக்கட்டியோட உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சாத்தான் எனக்கு வரும்."

அதற்கு மேல் என்ன பேச? புதுச் சேலையைக் கட்டிக்கொண்டே மேசையின் முன்னால் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருவில் நடமாட்டமில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் வானொலி பாடிக்கொண்டிருந்தது. 'போல' மறுபடி வருமா என்று காத்திருந்தார்கள், பாவிகள். பந்தயம் தொடங்கியது. தெருவில் இருந்த சன்னல்கள் எல்லாவற்றிலிருந்தும் என் தம்பியின் குரல் வந்தது. வீட்டுக்கு வீடு சத்தம் கூடியும் குறைந்தும் கேட்டதால், ஒரே ஆள் தெரு முழுக்க நடந்துகொண்டே பேசுகிற மாதிரி இருந்தது. ஊமைக்கோட்டானின் குரலால் ஒரு தெருவே நிறைந்திருந்தது.

எவ்வளவு அழகாகச் சொன்னான் தெரியுமா! இடம், ஆள், செயல், தவறாமல் ஸ்கோர். எங்கேயாவது மூச்சு விட்டால் அந்த இடைவெளியில் கூட்டத்தின் இரைச்சல் வந்து நிறைந்தது. என் கட்டி காகிதத்தில் வழுக்கிக்கொண்டு போனது. எதிர் வீட்டுக்காரி சன்னலில் தலையை நீட்டி, "உங்க தம்பியா இது?" என்றாள். "இல்ல, உன் தம்பி" என்றேன்.

இரண்டாம் பாதியில் ஆஸ்பத்திரி அணி நெருக்க ஆரம்பித்தது. பந்து நூற்பாலையின் பக்கத்திலேயே கிடந்தது. என் கட்டி அந்தக் கோடியை விட்டு நகரவேயில்லை.

"வலது மூலை, நெட்டைக்காரங்க, பந்தை நிறுத்துறாங்க, உள்ள பார்க்கிறாங்க. கட்டத்துக்குள்ள ரெண்டு பேர் காத்திருக்காங்க. நெட்டைக்காரங்க காலைத் தூக்கிட்டாங்க..."

நின்றுவிட்டது.

"அங்க..." என்றான். "ஐயோ, அங்க அசையல."

ஏதோ நாற்காலி விழுகிற சத்தம். படபடவென்று காலடி. பிறகு தூரத்தில் ஒரு விசில் நீளமாக, விடாமல் ஊதுகிறது. கூட்டத்தின் கத்தல். இன்னொரு விசில். கூட்டம் மறுபடி கத்துகிறது, ஆனால் கோல் விழுந்தால் கத்துகிற கத்தல் இல்லை, அடிதடிக்குப் போகிற கத்தல். அவன் குரலைக் காணோம்.

"பந்து எங்கடா?" என்று வானொலியைப் பார்த்து அலறினேன். "டேய், பந்து எங்கடா?"

பதிலுக்கு வந்தது சோப்பு விளம்பரம். நிலையத்தம்மா போட்டுவிட்டார்கள். குழந்தைகள் சேர்ந்து நுரையைப் பற்றிப் பாடுகிறார்கள். தெருவில் எல்லாச் சன்னலிலும் அதே நுரை. என் கட்டி வலது மூலையில் நின்றுகொண்டிருந்தது. முடிந்தது, எல்லாம் போயிற்று, விட்டுவிட்டான் பந்தை என்று கத்தரிக்கோலால் மேசையில் ஓங்கித் தட்டினேன். ஆத்திரமா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. மூச்சிரைப்புக் கேட்டது. அவன்தான்.

"நேயர்கள் மன்னிக்கணும். நடந்ததைச் சொல்றேன். வலது மூலையிலிருந்து பந்து கட்டத்துக்குள்ள வந்தது. அதே நேரம் மைதானத்தோட இந்தக் கோடியில ஒரு ஆள் விசில் ஊதிக்கிட்டே உள்ள ஓடினார். நடுவர்தான் ஊதுறார்னு நினைச்சு நூற்பாலை அணியில எல்லாரும் நின்னுட்டாங்க. நின்னவங்களைத் தாண்டிப் பந்து வலைக்குள்ள போயிடுச்சு. அது கோல் இல்லைன்னு நடுவர் சொல்லிட்டார். வெளியாள் ஊதின விசிலால ஆட்டம் கெட்டதுனால அது செல்லாது. அந்த வெளியாளுக்கு நடுத்தர வயசு. கழுத்துல எப்பவும் விசில் இருக்கும்."

கொஞ்சம் நிறுத்தினான்.

"அது நான்தான்."

எதிர் வீட்டுக்காரி வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"ஆஸ்பத்திரி அணியோட கோல்கீப்பர் கம்பத்துல சாஞ்சாங்க. அப்படியே சரிஞ்சு உட்கார்ந்தாங்க. தலை தொங்கிடுச்சு. பார்த்துக்கிட்டே இருந்தேன், அசையல. பந்து அந்தப் பக்கம் இருந்ததால யாருமே அவங்களைப் பார்க்கல. நான் ஓடிட்டேன். போய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து, 'பந்து வருதா?'ன்னு கேட்டாங்க. தூங்கிட்டிருந்தாங்க. ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு நேரா இங்க வந்திருக்காங்க. வேற ஒண்ணுமில்ல. நல்லா இருக்காங்க. இப்ப ரெண்டு அணிக்காரங்களும் என்னைத் திட்டுறாங்க. திட்டட்டும், நியாயம்தான்."

எதிர் வீட்டில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லா வீட்டிலும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சரி, அசடு வழிந்தாயிற்று, இனி ஸ்கோரைச் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போ என்று மனசுக்குள் தள்ளினேன். அவன் போகவில்லை.

"குளத்துல காவல் இருக்கிறது என் வேலை. யாராவது அசையாம இருந்தா எனக்குத் தாங்காது. ஓடிடுவேன்." மறுபடி மூச்சு. "ஆனா எங்க வீட்டுல ஒருத்தி சன்னல் பக்கத்துல அப்படித்தான் உட்கார்ந்திருந்தா. ரொம்ப நாள். கை, கால் அசையாம. நான் பார்த்தேன். தினம் பார்த்தேன். களைப்பா இருக்கா, ஓய்வெடுக்கிறான்னு நினைச்சேன். அங்க நான் ஓடல."

சிரிப்புச் சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கியது.

"ரெண்டு பக்கமும் கோல் இல்ல. நடுவர் பந்தைக் கீழ போட்டு ஆட்டத்தைத் தொடங்குறார். வலது ஓரம், நெட்டைக்காரங்க..."

அழுதேன். மறைப்பானேன். கட்டியை நகர்த்தக் காகிதமே தெரியவில்லை.

அதற்குப் பிறகு கோல் எதுவும் விழவில்லை. கோப்பையை ஆறு மாசம் ஆஸ்பத்திரியிலும் ஆறு மாசம் ஆலையிலும் வைத்துக்கொள்வதென்று பேசி முடித்தார்கள். செல்லாமல் போன கோலுக்காக ஆஸ்பத்திரி அணியின் தலைவி என் தம்பிக்கு இனிமேல் ஊசி போட மாட்டேன் என்று சபதம் செய்ததாகக் கேள்வி.

மறுநாள் நிலையத்தம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். போன் ஓயவில்லையாம். பாதிப் பேர் திட்டினார்களாம், மீதிப் பேர் அந்த வீட்டுக்காரி இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்களாம்.

"நல்லாப் பேசினீங்க. அந்த மாதிரி என் நிலையத்துல யாரும் பேசினதில்ல. ஆனா மைக்கை விட்டு எழுந்து ஓடுற ஆளை வெச்சு நான் எப்படி நடத்துறது? நீங்களே சொல்லுங்க."

அவனுக்குப் பதிலாக நான் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். தூங்குகிறவளா செத்தவளா என்று தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்றேன். நாளைக்கு உங்களுக்கே ஒன்று என்றால் சவுண்டா ஓடி வருவார், அங்கேயே நின்று கத்திக்கொண்டிருப்பார் என்றேன். நான் தைத்த திரைகளைக் கழற்றிக்கொண்டு போவேன் என்றுகூடச் சொல்லி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். தம்பி என் கையைப் பிடித்தான்.

"அவங்க சொல்றது சரிதான்க்கா. வா."

திரும்பி நடந்து வந்தோம். செருப்புக் கடை, வங்கி, பேருந்து நிறுத்தம், எதுவும் என் கண்ணில் ஒட்டவில்லை, எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதாகத் தெரிந்தது. அவன் பக்கத்தில் நடந்தான். பேசவில்லை. அவ்வளவுதான், வாய் சாத்திக்கொண்டது என்று நினைத்தேன். இனி யாருக்காக மேசையில் காகிதம் விரிப்பேன், எதைச் சொல்லி இவனைக் கிளப்புவேன் என்று யோசித்து யோசித்து வீடுவரை வந்துவிட்டேன்.

சாயங்காலம் குளத்திலிருந்து வந்தவன் கடையில் நிற்காமல் நேரே மாடிக்குப் போனான். சற்று நேரத்தில் அவன் குரல் கேட்டது. மாடியில் யாருமில்லை. போனில் பேசுகிறான்! ஒட்டுக்கேட்கிற வழக்கம் எனக்கில்லை. கேட்டுப் பார்த்தேன், மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. விசிறியை நிறுத்துவதற்குள் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓட ஆரம்பித்துவிட்டது. குரல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. எதிரே அசைவதற்கு அங்கே என்ன இருக்கிறது? பூட்டிய அலமாரியும் ஒரு சன்னலும்தான்.

சாப்பிடக் கீழே வந்தான். தட்டை வைத்தேன். எனக்கு நாக்கின் நுனியில் நூறு கேள்வி. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அவகூட பேசினேன்க்கா" என்றான், நான் கேட்காமலே.

"ரேடியோவைக் கேட்டாளாமா?"

"இல்ல. அந்த ஊருக்கு நம்ம நிலையம் எட்டாதாம். அவளுக்கு ஒண்ணுமே தெரியல. முதல்லயிருந்து நானே எல்லாத்தையும் சொன்னேன். ஓடினது, விசில் ஊதினது. சிரிச்சா."

"வரச் சொன்னியா?"

"இல்லக்கா. அவ சன்னல் பக்கத்துல உட்கார்ந்து என்ன நினைச்சுக்கிட்டிருந்தான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமேன்னா. அப்புறம் அழுதா."

"நீ என்ன பண்ணே?"

"அவ அழுது முடிக்கிற வரைக்கும் போனை வைக்கலக்கா."

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு, அவள் பையோடு படியிறங்கிய காலையில் தன் தொண்டையில் என்ன இருந்தது, ஏன் அது வெளியே வரவில்லை என்று தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். நடுநடுவே நின்றான், தேடினான், மறுபடி தொடர்ந்தான். சாப்பாடு ஆறிப்போயிற்று. நான் குறுக்கே பேசவில்லை.